'தர மாட்டேன்' என்பதற்கு என்ன விலை?

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டத்தில், இழப்பீட்டைக் கணக்கிடும்போது எவற்றைப் பார்க்கக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. நிலத்தை விட்டுப் பிரிய உரியவருக்கு மனமில்லை என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சந்தை விலையைப் பார்ப்பார்கள். கடையை வேறு இடத்துக்கு மாற்றும் நியாயமான செலவையும் பார்ப்பார்கள். ஆனால் "எனக்குக் கொடுக்க இஷ்டமில்லை" என்று நீங்கள் சொன்னால், அது கணக்கில் வராது. இந்தியாவில் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த 1894ஆம் ஆண்டு சட்டத்திலும் இதே விதி இருந்தது.

ஒருவரின் மறுப்புக்கு மதிப்பு பூஜ்யம் என்று சட்டம் சொல்வது நியாயமா?

நம்மில் பாதிப் பேர் சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பார்க்கும் பிரீமியர் லீக்கிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. வட லண்டனின் டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கிளப், தன் பழைய ஒயிட் ஹார்ட் லேன் மைதானம் இருந்த இடத்திலேயே பெரிதாக ஒன்று கட்ட விரும்பியது. சுற்றியிருந்த சிறு தொழில்காரர்களில் பெரும்பாலோர் விற்றுவிட்டுப் போனார்கள். பேக்ஸ்டன் ரோட்டில் இருந்த ஆர்ச்வே ஷீட் மெட்டல் ஒர்க்ஸ் என்ற குடும்பப் பட்டறை மறுத்தது. ஹாரிங்கே நகராட்சி கட்டாயமாக வாங்கும் ஆணையைக் கொண்டுவர, 2014 ஜூலையில் அமைச்சர் அதை உறுதிசெய்தார். பட்டறைக்காரர்கள் தொடுத்த வழக்கை 2015 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்கள் காலிசெய்தார்கள். 2019 ஏப்ரலில் 62,000 இருக்கைகளோடு மைதானம் திறந்தது. எதிரே ஹை ரோட்டில் இருக்கும் கடைக்காரர்களுக்கும் நிம்மதி இல்லை. ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்கு அகலமான நடைவழி அமைக்கும் நகராட்சித் திட்டத்தில் அவர்களின் கட்டடங்களும் இடிபட வேண்டியவை.

சட்டத்தின் பக்கம் வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். அது நம்ம புக்கிட் தெங்கா ஸ்டேஷனையும் தாண்டித்தான் போகிறது. வழியில் ஒரே ஒருவர் "தர மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டால் மொத்தப் பாதையும் நின்றுபோகும். மறுப்புக்கு விலை உண்டு என்று தெரிந்தால் எல்லோரும் கடைசி ஆளாக இருக்கத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் சட்டம் மனசைப் பார்க்காமல் மண்ணை மட்டும் பார்க்கிறது.

ஆனால் தண்டவாளமும் மைதானமும் ஒன்றா? நான் படித்தது பொறியியல். ஒரு வரைபடத்தில் இரண்டு வகைக் கோடுகள் இருக்கும். ஒன்று, இயற்பியல் போட்ட கோடு. வேகமாகப் போகும் ரயில் பெரிய வளைவில்தான் திரும்பும், ஒரு கடையைச் சுற்றிக்கொண்டு போகாது. இன்னொன்று, வாடிக்கையாளரின் ஆசை போட்ட கோடு. எத்தனை இருக்கை, எங்கே கார் நிறுத்தம், எத்தனை சொகுசு அறை என்பதெல்லாம் அந்த வகை. டோட்டன்ஹாமில் பட்டறைக்கு எதிரான ஆணை உறுதியானபோது இருந்த வடிவமைப்பில் ஏறத்தாழ 56,000 இருக்கைகள். இடம் கைக்கு வந்த பிறகு, 2015லேயே, கிளப் 61,000 பேருக்கான வேறொரு வடிவமைப்பைக் கொண்டுவந்து அதற்கு அனுமதியும் வாங்கியது. புது மைதானத்துக்கும் அந்த இடம் தேவைப்பட்டிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டறைக்காரரிடம் 'இதுதான் திட்டம், வேறு வழியில்லை' என்று காட்டிய படம் அசைக்க முடியாத படம் இல்லை. கிளப்புக்காக அது அசைந்தது, பட்டறைக்காக அசையவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதற்கு இன்னும் தாராளமாக இடம் கொடுக்கிறது. 1991இல் வந்த திருத்தத்தின்படி, பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை என்று மாநில அரசு கருதினால் போதும், தனியார் நிறுவனத்துக்காகவும் நிலத்தை எடுக்கலாம். எடுத்த பிறகு நிலத்தை வேறு எதற்குப் பயன்படுத்தினாலும், யாருக்குக் கைமாற்றினாலும், எடுத்தது செல்லாமல் போகாது என்று 68ஏ பிரிவு சொல்கிறது.

புக்கிட் தெங்காவில் ஒரு கடை வரிசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு மளிகைக் கடை, ஒரு முடிவெட்டும் கடை, ஒரு டயர் கடை. மூன்றும் வாடகைக் கடை. நாளைக்கு அங்கே ஒரு மைதானம் வருகிறது. நிலத்தின் விலை கட்டட உரிமையாளருக்குப் போகும். மளிகைக் கடைக்காரரின் உண்மையான சொத்து என்ன? பக்கத்துத் தாமானில் யாருக்கு மாதக் கடைசியில் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்ற இருபது வருஷ அறிவு. தொழிற்சாலைப் பஸ் எத்தனை மணிக்கு அங்கே ஆட்களை இறக்கும் என்ற கணக்கு. அவற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. இரண்டு மைல் தள்ளிப் போனால் அவர் புது ஆள். உரிமையாளர் நினைத்தால் எழுப்பிவிடக்கூடிய நிலையில் இருக்கும் வாடகைக்காரரை இழப்பீட்டுக்கு உரியவராகவே சட்டம் ஏற்பதில்லை. வாய்ப்பேச்சில் கடை நடத்துபவர் தான் அப்படிப்பட்டவர் இல்லை என்று நிரூபிக்கவே அல்லாட வேண்டும்.

பினாங்கு இதை வேறு ரூபத்தில் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2000 ஜனவரியில் வாடகைக் கட்டுப்பாடு போனதும், ஜோர்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் பல தலைமுறைத் தொழில்கள் வாடகை தாங்காமல் வெளியேறின. அங்கே சந்தை செய்ததை இங்கே அரசாங்கம் செய்கிறது, அவ்வளவுதான் என்று சிலர் சொல்லலாம். ஆனால் சந்தையில் கடைக்காரருக்கு ஒரு வாய் இருக்கிறது. பேரம் பேசலாம், இழுத்தடிக்கலாம், கூடக் கேட்கலாம். கட்டாயம் வரும்போது அந்த வாயைத்தான் முதலில் மூடுகிறார்கள்.

பணத்தால் இதைச் சரிக்கட்டலாமா? இந்தியா அப்படித்தான் முயன்றது. விருப்பமின்மையைப் பார்க்கக் கூடாது என்ற அதே 1894 சட்டம், எடுப்பது கட்டாயமாக எடுப்பது என்பதற்காகவே சந்தை விலைக்கு மேல் 15 சதவீதம் தரச் சொன்னது. 1984இல் அது 30 ஆனது, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் 100 ஆனது. மனசைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக அதற்கு விலை கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். 2013 சட்டம் மூன்று வருஷமாக அங்கே பிழைப்பு நடத்திய வாடகைக்காரரையும் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் சேர்த்தது. இது நல்லதுதான், ஆனால் பணம் கூடக் கொடுப்பது மட்டும் 'ஏன் இந்த இடம்தான்?' என்ற கேள்விக்குப் பதில் ஆகிவிடாது.

மறுப்பவர் கேட்பதே அந்தப் பதிலைத்தான். அதனால் மறுப்பைத் தடை உத்தரவாகவும் ஆக்க வேண்டாம், பூஜ்யமாகவும் ஆக்க வேண்டாம். மறுப்பு வந்தால், வரைபடத்தில் எந்தக் கோடு இயற்பியல், எந்தக் கோடு ஆசை என்பதைத் திட்டக்காரர் எழுத்தில் பிரித்துக் காட்டட்டும். ஆசைக் கோட்டுக்காக ஒருவரின் கடையை எடுக்கக் கூடாது, பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். எந்தப் படத்தைக் காட்டி இடத்தை எடுத்தார்களோ அந்தப் படத்தைத்தான் கட்ட வேண்டும். மாற்றினால் பழைய கடைக்காரரிடம் திரும்பப் போய் நிற்க வேண்டும்.

இப்படிச் செய்தால் சில மைதானங்கள் தாமதமாகும், சில சின்னதாகும், சில வராமலே போகும். ஃபுட்பால் பிடிக்கும் எனக்கும் அது நஷ்டம்தான். ஆனால் 62,000 பேரின் சந்தோஷத்துக்கு ஒரு குடும்பம் விலை கொடுக்க வேண்டுமென்றால், அது எவ்வளவு என்று அந்தக் குடும்பத்தின் வாயால் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.