நேர்காணலில் காணப்படுவது யார்?

ஒருவரை மற்றொருவர் முழுமையாக அறிய முடியுமா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. இன்று அது மிகக் கூர்மையாக எழும் இடங்களுள் பெருநிறுவனங்களின் நேர்காணல் அறையும் அடங்கும். வேலை தேடி வருபவர் அங்கே தம் திறமையை மட்டுமன்றித் தம்மையே எடைபோடக் கொடுத்துவிட்டதாக உணர்கிறார்; அதனால், இந்தப் பணிக்குத் தேர்வாகவில்லை என்னும் செய்தி, எதற்கும் தகுதியில்லை என்னும் தீர்ப்பாக அவர் உள்ளத்தில் உருமாறிவிடுகிறது. இந்த உருமாற்றத்திற்கு அடிப்படை உண்டா என்பதே இங்கு ஆராயப்படுவது.

கூகுள் நிறுவனத்தின் நேர்காணல்களில் ஒரு சுற்று ஏறத்தாழ 45 நிமிடம் நடப்பது வழக்கம். இத்தகைய நேர்காணலில் மார்க்கரைப் பிடித்தபடி வெண்பலகைமுன் நிற்கும் விண்ணப்பதாரர், வீட்டில் அமர்ந்து எளிதாக எழுதிவிடக்கூடிய நிரலை மூன்றாம் வரியிலேயே அழித்து மீண்டும் தொடங்குகிறார். கேள்வி கேட்டவர் மடிக்கணினியில் குறிப்பெடுக்கும் ஒலி முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. தம் பிழைதான் அங்கே பதிவாகிறது என்று எண்ணிய கணத்தில், நன்கு தெரிந்த விடையும் நினைவிலிருந்து நழுவுகிறது. அந்தக் குறிப்புகளும் மதிப்பெண்களும் பின்னர், அவரை நேரில் கண்டிராத ஒரு தேர்வுக் குழுவின் பார்வைக்குச் செல்கின்றன. தனியொருவரின் விருப்பு வெறுப்பு முடிவைத் தீர்மானித்துவிடாமல் காக்கும் இவ்வேற்பாட்டில் நியாயம் உண்டு. எனினும் அக்குழு காண்பது ஆளையன்று, ஆளைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பையே.

மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை முதன்மை நூலாகக் கொண்ட சைவ சித்தாந்தம், உயிரின் இயல்பைச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்னும் தொடரால் விளக்குகிறது. பளிங்கு தன்னருகே வைக்கப்பட்ட பொருளின் நிறத்தைத் தன் நிறம்போலக் காட்டுவதைப் போன்று, உயிரும் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாய்த் தோன்றும் என்பது இதன் பொருள். உயிரைப் பிணிக்கும் மாசாகிய மலத்தையும் இறையையும் சார்ந்து நிற்கும் உயிரின் நிலைகளை உணர்த்த எழுந்த கருத்தேயாயினும், இது நேர்காணல் அறைக்கும் வெளிச்சம் தருகிறது. அச்சத்தைச் சார்ந்து நிற்கும் உள்ளம் அச்சத்தின் நிறத்தையே காட்டும்; அந்த நிறத்தைக் கண்டவர் பளிங்கைக் கண்டுவிட்டதாகச் சொல்ல இயலாது. கேள்வி கேட்பவரும் பளிங்கே என்பதை மறத்தலாகாது. நாள் முழுதும் பலரைக் கண்ட சோர்வும், பிறர் வாழ்வை முடிவுசெய்யும் இடத்தில் அமர்ந்திருக்கும் பெருமிதமும் அவர்மீதும் படிகின்றன.

அவ்வாறாயின் ஆளைத் தேர்ந்தெடுத்தலே கூடாதா? வள்ளுவர் அவ்வாறு கூறவில்லை. ஆராய்ந்து ஆளைத் தெளிவதற்கென்றே திருக்குறளின் 51ஆம் அதிகாரத்தை அமைத்த அவர், ஆராயாமல் நம்புவதையும், நம்பியபின் ஐயுறுவதையும் ஒருங்கே கண்டிக்கிறார். குறையே இல்லாதவரைத் தேடாமல் குணமும் குற்றமும் நாடி மிகுந்ததைக் கொண்டு முடிவுசெய்யவும், ஒருவரது பெருமை சிறுமைகளை உரைத்துப் பார்க்க அவரது செயலையே உரைகல்லாகக் கொள்ளவும் வழிகாட்டுகிறார். உரைகல் என்பது பொன்னின் மாற்றை அறிய உதவும் கல். அதில் தேய்க்கப்படுவது பொன்னே தவிர, பொன்னைப் பற்றிய பேச்சு அன்று. கூகுளின் மனிதவளப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய லாஸ்லோ பாக், பல்லாயிரம் நேர்காணல்களை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்டவர்கள் அளித்த மதிப்பெண்ணுக்கும் அவ்வாறு சேர்ந்தவர்களின் பிற்காலப் பணித்திறனுக்கும் தொடர்பே தென்படவில்லை என்று 2013இல் வெளிப்படையாகக் கூறினார். விமானத்தினுள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற புதிர்க்கேள்விகள் வீண் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். செயலிலிருந்து விலகிய சோதனை ஆளைக் காட்டாது என்பதற்கு இது தக்க சான்று.

இதனால் இரு கடமைகள் பெறப்படுகின்றன. விண்ணப்பதாரர் தம் பிழையை மறைக்காமல் ஏற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருநாள் படிந்த நிறத்தைத் தம் இயல்பென்று கொள்ளலாகாது. நிறுவனமோ, தான் அளந்தது ஒரு பணிக்கான பொருத்தத்தின் சிறு பகுதியை மட்டுமே என்பதை உணர்ந்து, அந்தப் பணியோடு ஒட்டிய செயலைக் கொண்டே சோதிக்க வேண்டும். முடிவு எதுவாயினும் அதைக் காலந்தாழ்த்தாமல் தெரிவிக்கவும் வேண்டும். வாரக்கணக்கில் விடையின்றிக் காத்திருப்பவர், அந்த மௌனத்திலும் தம் குறையையே தேடிக்கொண்டிருப்பார். பிறரை முழுமையாக அறிய இயலாத மனிதருக்கு, அறிந்த அளவை நேர்மையாகச் சொல்லிவிடுதலே அறம்.