மறைக்காத கை

மணிமங்கலத்தில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் ஆறு மாதமாக ஒரே முகத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். ரவிவர்மாவின் படம்: தலையில் மல்லிகை சூடும் நாயர் பெண். 1873இல் சென்னைக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தது. ஓரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து, தூங்கி எழுந்தால், வெளிச்சம் போவதற்குள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அச்சுப் படத்திலும் கேன்வாஸிலும் கட்டம் போட்டு, பழுப்பு நிறம் ஒன்றாலேயே வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்தேன். அது காய்ந்த பிறகுதான் மற்ற நிறம்.

தாடைக்குக் கீழிருக்கும் நிழல் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. நிழல்தானே என்று கறுப்பைக் கலந்தேன். கழுத்தில் கரி அப்பிய மாதிரி ஆனது. சுரண்டினேன், மறுபடி போட்டேன், மறுபடி கரி. ஒரு ஞாயிறு தாம்பரம் போய் ரயில் பிடித்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் இருக்கின்றன. பக்கவாட்டில் நின்று பார்த்தபோது நிழலுக்குள் மெல்லிய பச்சை தெரிந்தது. தள்ளி நின்று சரிகை என்று நம்பியது, கிட்டே போனால் பழுப்பின் மேல் கெட்டியாக நாலு மஞ்சள் தீற்றல்.

அவருக்கு எண்ணெய் வண்ணம் எளிதில் கிடைத்த வித்தை இல்லை. திருவனந்தபுரம் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாமல் இரவில் வந்து கொஞ்சம் காட்டிக் கொடுத்தார் என்பார்கள். 1868இல் அங்கே வந்த ஓவியர் தியோடர் ஜென்சன், தான் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். இருபது வயதுப் பையன் பார்த்தே கற்றுக்கொண்டான்.

பார்க்கவும் விடாதவர்களை எனக்குத் தெரியும். நான் டிரெய்னியாக இருந்த கம்பெனியில் மூத்த ஆபரேட்டர் ஒருவர், மெஷினில் ஆப்செட் என்கிற அளவுத் திருத்தத்தைப் போடும்போது உடம்பைத் திருப்பித் திரையை மறைத்துக்கொள்வார். வேலை போய்விடுமோ என்ற பயம். அதைப் பொய்ப் பயம் என்று சொல்ல மாட்டேன். காண்ட்ராக்ட் வேலையில் கைத்தொழில்தான் சோறு. ஆனாலும் அது தப்பு என்றே இப்போது நினைக்கிறேன். 1906இல் இறந்துபோன ரவிவர்மா ஒவ்வொரு தீற்றலையும் திறந்து வைத்திருக்கிறார். எத்தனை நேரம் நின்று பார்த்தாலும் அந்தக் கேன்வாஸ் முதுகைக் காட்டவில்லை.

போன மாதம் நான் ஆப்செட் போடும்போது ஒரு டிரெய்னி என் பின்னால் வந்து நின்றான். “அண்ணே, எவ்ளோ போட்டீங்க?” என்று கேட்டான். என் தோள் தானாகத் திரும்பிவிட்டது. அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

வருகிற வாரம் எங்கள் இருவருக்கும் ஒரே ஷிப்ட்.