சொல்லும் உழைப்பும்

தாய்மொழியை யாரிடம் கற்றோம் என்று கேட்டால், தாயிடமும் ஆசிரியரிடமும் என்று விடை கூறுவோம். இவ்விடை உண்மையே, ஆயினும் முழுமையானதன்று. யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்களிலும் வேலியோரங்களிலும் பிறந்த சொற்களை எண்ணிப் பார்த்தால் மூன்றாவது ஆசிரியர் ஒருவரும் உண்டென்பது புலப்படும். மரம் ஏறியவர், கிழங்கு கிண்டியவர், கீரை பறித்தவர் ஆகியோரே அவர். அவருக்கு நாம் பட்ட கடன் யாது? அதனை எவ்வாறு தீர்ப்பது?

ஒரு பனம்விதையின் வரலாற்றைப் பார்ப்போம். இளமையில் அது நுங்கு. முற்றத் தொடங்கினாற் சீக்காய். பழுத்து விழுந்தாற் பனம்பழம். பிழிந்த களி பாயிற் காய்ந்தாற் பனாட்டு. கொட்டையைப் பாத்தியிற் புதைத்து, முளைவிட்டபின் பிளந்தால் உள்ளே பூரான். சில மாதங்கள் பொறுத்தாற் கிழங்கு. கிழங்கெடுத்தபின் எஞ்சும் கோது ஊமல், அடுப்புக்கு உதவும். கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல்.

'புழுக்கு' என்பதும் 'ஒடியல்' என்பதும் புணரும்போது ஈற்று உகரம் கெடுகிறது. குற்றியலுகரப் புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டாக இதனை நாம் கரும்பலகையில் எழுதலாம். அடுக்களையிலோ இவ்வேறுபாடு உடல்நலத்தைப் பற்றியது. புழுக்கொடியலை அப்படியே கடித்துத் தின்னலாம். ஒடியல்மாவையோ நீரில் ஊறவைத்துக் கசப்பைப் போக்கிய பின்னரே கூழும் பிட்டும் ஆக்குவர். சொல்லின் பொருளை அறிவதென்பது இங்கே, எதனை எவ்வாறு உண்பதென அறிவதாகும். முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, மொசுமொசுக்கை என்று மழைக்காலத் தளிர்களை இனம்பிரித்துப் பேத்திக்குக் காட்டிய கிழவிமாரின் கல்வியும் இத்தகையதே.

இலக்கணமும் இவ்வுழைப்புக்குக் கடன்பட்டது. புறத்தே வைரம் உள்ளவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. பனையின் வைரம் புறத்தே உள்ளதென்பதைப் பனை தறித்தவனின் கோடரி அறியும். அவன் கண்டதற்கே புலவன் பெயரிட்டான்.

பனையின் 801 பயன்களைத் 'தாலவிலாசம்' பாடுகிறது என்று பெருமையோடு பேசுகிறோம். ஆனால் அப்பனையில் ஏறியவருக்கு நம் சமூகம் தந்த பரிசு என்ன? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாங்கிற் சமமாக அமர்வதற்கே போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் அவர்கள் நின்று போராட நேர்ந்தது. சொல்லை உள்ளே ஏற்றோம். சொல்லைத் தந்தவரை வெளியே நிறுத்தினோம். மொழிப்பற்று என்று நாம் போற்றுவதனுள் இந்த அநீதியும் அடங்கியிருந்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "இவை வறுமையின் சொற்கள், வறுமையோடு சேர்ந்து அவையும் ஒழியட்டுமே!" என்பர் சிலர். மறுப்பில் நியாயம் உண்டு. 1945இல் வந்த இலவசக் கல்வியால் ஏழைத் தொழிலாளியின் மகன் மருத்துவனாகும் வழி திறந்தது. நம் அகராதி நிறைவதற்காக அவன் பனையிலேயே ஏறிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எனினும், ஒருவன் தானே விரும்பித் தொழிலை விட்டு உயர்வது வேறு. நிலத்திலிருந்து துரத்தப்படுவது வேறு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரிழந்தனர். 1995இல் வலிகாமமே பெயர்ந்தது. முகாமிற் பிறந்த குழந்தைக்கு வேலியும் இல்லை, வடலியும் இல்லை. அக்குழந்தை இழந்த சொற்களை முன்னேற்றத்தின் கணக்கில் எழுத முடியுமா?

இத்தகைய இழப்பு நம்முடையது மட்டுமன்று. வட அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வாழும் சேலிஷ் மக்கள் வேனிலின் தொடக்கத்தில் ஒருவகைக் கசப்புக் கிழங்கை அகழ்ந்து, தோலுரித்து, அவித்து உண்பர். அக்கிழங்கின் பெயரையே ஆங்கிலத்தில் தாங்கிய பள்ளத்தாக்கிலிருந்து 1891இல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். விடுதிப் பள்ளிகள் அவர்களுடைய பிள்ளைகளின் நாவிலிருந்து தாய்மொழியை அகற்ற முயன்றன. 2002இல் ஆர்லி என்னும் ஊரில் அம்மொழிக்கென்றே ஒரு பள்ளியை அவர்கள் தொடங்கினர். கிழங்கு அகழும் நிலமும் அவர்களுக்கு வகுப்பறையே. மண்ணைக் கிளறும்போது மூத்தோர் வாயிலிருந்து பிள்ளைகள் அதன் பெயரைக் கேட்கின்றனர். அங்கே சொல்லும் உணவும் அவற்றை அறிந்த மனிதரும் ஒன்றாக மதிக்கப்படுகின்றனர்.

நாம் செய்ய வேண்டியதும் இதுவே. பள்ளி வளவில் ஒரு பாத்தி போதும். மாணவர் கொட்டை புதைக்கட்டும், கிழங்கு கிண்டட்டும். உடல் வருந்தாமற் பாடநூல் வழியே 'ஊமல்' என்ற சொல்லைப் பெற்றவனுக்கு அச்சொல்லின் விலை தெரியாது. அதனைக் கற்பிக்கும் மூதாட்டியையும் மரமேறும் தொழிலாளியையும் வேடிக்கைப் பொருளாகக் கூட்டிவந்து அனுப்பிவிடலாகாது. ஆசிரியருக்குரிய ஊதியத்தையும் நாற்காலியையும் அவர்களுக்கு அளிக்க வேண்டும். அவர்கள் கூறும் சொற்களைப் பதியும்போது, கூறியவர் இன்னார் என்றும் பதிய வேண்டும்.

சொற்களைக் காப்போம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முதலில் அந்த நாற்காலியை இடுவோம்.