பெயரும் பேரும்

ஊவாத் தோட்டங்களின் பேச்சுவழக்கிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு அகராதிகள் எளிதிற் காட்டாத பொருளொன்றுண்டு. ஒரு நாள் வேலைக்குரிய முழுச் சம்பளமும் பதியப்படுதலே பேர். பறித்த கொழுந்தின் நிறை குறித்த அளவை எட்டாவிடின் அன்றைக்கு ‘அரைப்பேர்’தான். பெயர் எழுதப்பட்டாலன்றிக் கூலி இல்லை என்ற நிலையிலே பெயரும் கூலியும் ஒரு சொல்லாக ஒட்டிக்கொண்டன போலும். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை எனப் பரந்த மலைகளிலே வாழ்ந்த மக்கள், மெய்யியலாளர் நீண்ட நூல்களில் ஆராய்ந்த வினாவொன்றை இவ்வாறு ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டனர். செய்தவருக்கும் செய்யப்பட்ட பொருளுக்கும் உள்ள உறவு யாது? பலர் கூடி ஆக்கியது ஒருவர் பெயரால் வழங்குதல் நீதியாகுமா?

தேயிலையை மட்டுங் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் கூடும். எனினும் அதே மலைகளின் லயங்களிலே சிறுவர் பார்த்துச் சிரித்த கார்ட்டூன் தொடர்கள் இதனை இன்னும் கூர்மையாக எழுப்புகின்றன. கலைப்படைப்புக்கு ஆசிரியர் பெயர் உண்டு; ஆலைப்பொருளுக்கு அது வேண்டுவதில்லை என்பது பொதுவான எண்ணம். கார்ட்டூன் தொடரோ ஒரே வேளையிற் கலையுமாகி ஆலைப்பொருளுமாகி நிற்பது.

1982 பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கு மொழிமாற்றுப் பணியை முன்னின்று நடத்தியவர் டைட்டஸ் தொட்டவத்த. 1956இல் வெளிவந்த ‘ரேகாவ’ திரைப்படத்தின் தொகுப்பாளராகவும் அறியப்பட்ட அக்கலைஞரின் கைபட்டு அமெரிக்கப் பூனையான ‘டொப் கட்’, ‘பிஸ்ஸு பூஸா’ ஆயிற்று. பக்ஸ் பனி என்னும் முயல் ‘ஹா ஹா ஹரி ஹாவா’வாகச் சிங்களம் பேசிற்று. வீட்டிலே தமிழ் பேசிய தோட்டத்துப் பிள்ளைகளும் அச்சிங்களப் பூனையைக் கண்டு சிரித்தனர். 2011இல் தொட்டவத்த மறைந்தபோது ஒரு தலைமுறையின் சிறுபிராயமே அவருக்குக் கடன்பட்டதாக நினைவுகூரப்பட்டது. அது தகும். ஆயினும் அந்தப் பூனையை வரைந்தவர் எவர் என்று எவரும் வினவவில்லை.

வரைந்தவர் ஒருவரல்லர். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடவேண்டும். ஏழு நிமிடப் படமொன்றுக்கு 10,080 சட்டங்கள். ஒவ்வொரு சித்திரத்தையும் இருமுறை படம்பிடித்துப் பாதியாகக் குறைத்தாலும் ஐயாயிரம் தேறும். தலைமை ஓவியர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைவார். இடைப்பட்ட நிலைகளை உதவியாளர் வரைவார். வேறு சிலர் அக்கோடுகளை ஒளிபுகும் தாள்களிலே மையால் ஒற்றியெடுப்பர். இன்னுஞ் சிலர் வண்ணந் தீட்டுவர். ஹொலிவூட்டின் பெரிய கூடங்களில் மையிட்டோரும் வண்ணந் தீட்டியோரும் பெரும்பாலும் பெண்கள்; அசைவை வகுத்தோர் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். கொழுந்து பறிப்பவள் பெண், மேற்பார்வை செய்யும் கங்காணி ஆண் என்ற மலையகப் பிரிவினையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. உழைப்பாளி தன் உழைப்பின் விளைவுக்கே அந்நியனாகிறான் என மார்க்ஸ் 1844இல் எழுதியபோது கார்ட்டூன் கூடம் எதுவும் இருக்கவில்லை. எனினும், தான் தீட்டிய தாள் எந்தக் காட்சியில் எத்தனையாவது நொடியில் மின்னி மறையும் என்பதை அறியாத பெண்ணுக்கு அக்கூற்று நன்கு பொருந்தும்.

இத்தொழிலின் வரலாற்றிலே பெயரிழந்தோர் பெயரெடுத்தோராக மாறிய கதையொன்று உண்டு. டொம், ஜெரி எனப் பின்னர் உலகறிந்த பூனையும் எலியும் முதலில் தோன்றிய 1940ஆம் ஆண்டுப் படத்தில், அதனை உருவாக்கிய வில்லியம் ஹனா, ஜோசப் பார்பெரா இருவரின் பெயரும் இடம்பெறவில்லை. ருடொல்ஃப் ஐசிங் என்பவர் பெயரே காட்டப்பட்டது. பின்னர் அத்தொடர் ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்றது. விருதுகள் சேர்ந்தது தயாரிப்பாளரான பிரெட் குவிம்பியின் கைக்கு. 1957இல் அந்நிறுவனம் கார்ட்டூன் பிரிவை மூடவே, இருவரும் தம் பெயரிலேயே ஒரு நிறுவனம் கண்டனர். ‘டொப் கட்’ 1961–62இல் அங்கு பிறந்தது. அதன் பின் அவ்விருவர் பெயருக்குக் கீழே எத்தனையோ கைகள் வரைந்தன. உலகம் இரு பெயர்களையே மனங்கொண்டது. இறுதித் திரையிற் பிறர் பெயர்கள் ஓடின என்பது உண்மையே. அதை வாசிக்கப் பொறுமையுள்ள சிறுவன் எங்குள்ளான்?

குரல் கொடுத்தோர் நிலை இன்னும் விந்தையானது. பக்ஸ் பனிக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங், தாம் சம்பள உயர்வு கேட்டபோது அது மறுக்கப்பட்டு, அதற்கு ஈடாகத் திரையிற் பெயர் கிடைத்ததெனக் கூறியிருக்கிறார். அதே படங்களில் வேட்டைக்காரன் எல்மர் ஃபட்டுக்குக் குரல் கொடுத்த ஆர்தர் கியூ. பிரையனுக்கு அந்தப் பெயரும் கிட்டவில்லை. கூலிக்குப் பதிலாகப் பெயர் என்பது அங்கு பேரமாயிற்று. கூலியையே பேர் என்றழைத்தது ஊவா. இவ்விரண்டினுள் தோட்டத்து வழக்கே உண்மைக்கு அண்மையது. உண்டு வாழ வழியின்றி ஓடும் பெயர் வெறும் நிழல். ஏட்டிலே பெயரில்லாத உழைப்போ கேட்பாரற்றது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கலை பேசினாற் போதும், கலைஞன் பெயர் எதற்கு? நம் முன்னோர் பெயரை விரும்பினரா? குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் மறைந்து, அவர் ஆண்ட தொடரே பெயராகிச் செம்புலப்பெயல்நீரார் என நிலைத்துவிட்டது. மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவற்றுக்கு ஆசிரியர் பெயரைத் தந்திலர், தர இயலாது. இவற்றினால் எவர்க்கும் அநீதி நேர்ந்ததாக ஒருவரும் முறையிடுவதில்லையே எனலாம்.

இத்தடை வலுவுள்ளது, ஆனால் வேறுபட்ட இரண்டை ஒன்றெனக் கொள்கிறது. நாட்டார் பாடலிலே பாடியவர் பெயர் இல்லை. அவ்விடத்தில் வேறொருவர் பெயரும் இல்லை. பாடல் ஊருடையதாயிற்று. அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தின் கதை அத்தகையதன்று. 1890இல் இலங்கை வந்த கிளாஸ்கோ வணிகர் தோமஸ் லிப்டன் அதனை வாங்கினார். அங்கிருந்து சென்ற தேயிலை அவர் பெயர் பொறித்த பொதிகளிலே உலகெங்கும் விலைப்பட்டது. மலையுச்சியில் அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் இடம் இன்றும் ‘லிப்டன் இருக்கை’ எனப்படுகிறது. அம்மலைச்சரிவில் நாள்தோறும் நின்றவர்களுக்கு அவ்வாறு ஓர் இடம் இல்லை. ஆகவே பெயரின்மை தன்னளவிற் குற்றமன்று. பலர் நிற்க வேண்டிய இடத்தை ஒரு பெயர் அடைத்துக்கொள்வதே குற்றம். கார்ட்டூன் கூடம் நாட்டார் பாடலைவிட இத்தேயிலைப் பொதியையே பெரிதும் ஒத்தது.

மற்று, பலர் பெயரையும் எழுதுதல் இயலாத காரியமென்று சொல்லவும் இடமில்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலிலே முதலாம் இராசராசன், தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை ஒவ்வொருவர் பெயரும் இருப்பிடமும் குறித்துக் கல்லில் வெட்டுவித்தான். அரசனின் புகழ் அதனாற் குறைந்திலது.

பெயர் எழுதப்படுவதால் மட்டும் என்ன நேரும் என்பதே கடினமான வினா. 1941 மே 29ஆம் நாள் வோல்ட் டிஸ்னியின் கூடத்தில் ஓவியர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களை வழிநடத்தியோருள் ஒருவரான ஆர்ட் பாபிற், அக்கூடத்திலே மிகுந்த சம்பளம் பெற்றவர்களில் ஒருவர். தமக்குக் குறையேதும் இல்லாதிருந்தும் வண்ணந் தீட்டுவோரும் உதவியாளரும் பெற்ற சொற்ப கூலியைக் கண்டு அவர் வெளியேறினார். அறவியல் நூல்கள் தேடும் எடுத்துக்காட்டு இதுவே. அப்போராட்டத்தின் பின் தொழிற்சங்க உடன்படிக்கை வந்தது. திரையிற் பெயர் பெறும் உரிமையும் உடன் வந்தது. உரிமையாகப் பெற்ற பெயருக்கும் சம்பளத்துக்கு ஈடாக வீசப்பட்ட பெயருக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று.

ஊவா மக்கள் இத்தூரத்தை வேறொரு பட்டியலிற் கண்டனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே பதுளைத் தொகுதி எஸ். எம். சுப்பையாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவரைத் தெரிந்தோருள் மிகப் பலரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. கூலிப் பதிவேட்டிலோ அப்பெயர்கள் நீங்கவில்லை. உழைப்பதற்கு வேண்டிய பெயர், தீர்மானிப்பதற்கு வேண்டாததாயிற்று.

கார்ட்டூன் உலகிலும் பின்னர் அதுவே நிகழ்ந்தது. அமெரிக்க ஓவியர் சங்கம் பெயரையும் சம்பளத்தையும் காத்துக்கொண்டபோது வேலையே கடல்கடந்தது. 1978இல் தாய்பேயில் தொடங்கிய கூடமொன்று ஹனா–பார்பெராவின் தொடர்களுக்கு வரைந்தது. வேலை வெளிநாடு செல்வதை எதிர்த்து 1979இலும் 1982இலும் அமெரிக்காவில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. அவ்வோவியரின் அச்சம் நியாயமானது. தாய்பேயில் தூரிகை பிடித்தவருக்கும் வயிறுண்டு என்பதும் நியாயமே. இரு தரப்பாரும் தம்முள் ஒருவரையொருவர் குறைகூறும்படி வைத்த ஏற்பாட்டில், தொடரின் தலைப்பில் நின்ற பெயர் மாத்திரம் மாறவில்லை.

அக்காலத்து ஒளிபுகும் தாள்களுட் பலவற்றைக் கூடத்தார் கழுவி மீண்டும் பயன்படுத்தினர். பல குப்பைக்குச் சென்றன. தப்பியவை இன்று ஏலத்திற் பெருவிலை பெறுகின்றன. கோட்டினை முன்புறத்திலும் வண்ணத்தைப் பின்புறத்திலும் இடுவது அத்தொழிலின் முறை. விற்பனைப் பட்டியல் பாத்திரத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தரும். பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவர், வண்ணம் கோட்டைத் தாண்டாதிருக்க ஒரு கை எவ்வளவு நிதானமாக நகர்ந்தது என்பதைக் காணலாம்.