சும்மா உட்கார ஓர் இடம்

"குழுவுல போயி இன்னா பண்ணப் போவுது?"

லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டபோது நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தார். பத்தாவது படிக்கும் மகள் எதிரே உட்கார்ந்து, நண்டின் கால்களில் சுற்றியிருந்த நூலை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தாள். கொடுக்கு உடைந்தால் விலை இறங்கிவிடும். அவசரப்படாத விரல் வேண்டிய வேலை அது. வளரிளம் பெண்களுக்கு ஊரில் ஒரு குழு தொடங்குவது பற்றித்தான் பேச்சு. மகள் தலை நிமிரவில்லை. காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

இதே கேள்வியை அந்த ஊரில் யாரும் பையன்களிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பழவேற்காடு ஏரி, நடுவே 1859-இல் முதலில் எழுந்த கலங்கரை விளக்கத்தின் பெயரைச் சுமக்கும் ஊர். காற்று சரியில்லாத நாளில் ஆண்கள் நிழலில் வலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பாதி நேரம் வலை, பாதி நேரம் ஊர்க்கதை. பையன்களுக்குக் கிரிக்கெட் உண்டு, நடிகர் பெயரில் மன்றம் உண்டு, திருவிழா வசூல் உண்டு. இந்தக் கரையோரத்தில் ஊரோடு சேர்வது என்பதே ஆண்வழிக் கணக்கு. ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலை கட்டுவது என்று முறைவைக்கும் பாடு உரிமை தலைக்கட்டுகளுக்கு உரியது. தலைக்கட்டு என்றால் ஆண். ஊர்ப் பஞ்சாயத்தும் அப்படித்தான். பெண் அந்தக் கணக்கில் யாருடைய மகள், யாருடைய மனைவி என்று மட்டுமே வருகிறாள்.

வயதுக்கு வரும்வரை அவளும் மணலில் ஓடியாடியவள்தான். அதன்பிறகு பள்ளிக்கூடம், வீடு, தண்ணீர்க் குடம். பாலத்தைத் தாண்டிப் போகிற படிப்புதான் மிச்சமிருக்கும் வெளியுலகம். பள்ளிக்கூடம் முடிந்தால் சிநேகிதிகளும் முடிந்தார்கள். தெருவில் நின்று பேசினால், "இங்க இன்னாடி வேல?" என்று ஒரு குரல் வரும். அம்மாதான் கேட்க வேண்டும் என்றில்லை, எந்தப் பெரியம்மா வேண்டுமானாலும் கேட்கலாம்.

எனக்கு உறைத்தது இதுதான்: பெண்பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வர ஒரு காரணம் காட்டியாக வேண்டும். தையல் வகுப்பு, டியூஷன், கோயில். சும்மா போகிறேன் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. குழு அவளுக்குக் கொடுக்கக்கூடிய முதல் பொருள், வீட்டில் செல்லுபடியாகும் ஒரு காரணம்.

அம்மாக்களுக்கு இது தெரியாததல்ல. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவின. சேமிப்பு நோட்டும் கடனும் வெளியே சொல்லத் தக்க காரணங்கள். அந்தச் சாக்கில் எத்தனை பெண்கள் புருஷனிடம் அனுமதி கேட்காமல், "குழுவுக்குப் போறேன்" என்று தகவல் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கக் கற்றார்கள்! வட்டியும் தவணையும் அந்தச் சுகத்தில் பாதியைத் தின்றுவிட்டன என்பது வேறு கதை. அதே அம்மா மகளிடம் ஏன் காரணம் கேட்கிறார் என்றால், பயம். ஒரு பெண்ணின் பேர் கெட ஒரு சாயங்காலம் போதும் என்கிற ஊரில் அதை நான் லேசாகப் பேசமாட்டேன்.

காத்திருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி. பையன்களுக்கான கூட்டத்துக்குச் சில பெண்பிள்ளைகள் தாங்களாகவே வந்து, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றார்கள். அடுத்த ஆண்டே சாரணியர் இயக்கம் பிறந்தது. 1911-இல் ஜபல்பூர் வழியாக இந்தியாவுக்கும் வந்தது.

நம் அரசும் குழு அமைத்துப் பார்த்தது. 2010-இல் சப்லா திட்டம், 11 முதல் 18 வயதுவரை, அங்கன்வாடியில் கூடும் பெண்கள். தமிழ்நாட்டின் புதுயுகம் திட்டத்தில் இலவச நாப்கின் வருகிறது. வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஏற்பாடுகளின் பார்வையில் அவள் நாளைய தாய். கை கழுவு, கீரை சாப்பிடு, எடையைக் குறி. இன்றைக்கு அவளுக்கு வயது பதினைந்து என்பது யாருக்கும் ஞாபகமில்லை. வாலிபால் ஏன் கிடையாது?

குழு வெட்டிப்பேச்சுக்கு இடம் கொடுத்தாலே போதும் என்று நினைக்கிறேன். அந்தப் பேச்சில்தான் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருப்பதும், அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்துக் கல்லூரி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதும் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போகும். ஒருத்தி இரண்டு வாரமாக வரவில்லை என்றால், பதினேழு வயதில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்ற சந்தேகம் டீச்சருக்கு முன்னே அவர்களுக்கு வரும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் போன் செய்வது என்ற தகராறும் அங்கேதான் நடக்கும்.

அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை, ஊர் நடுவிலேயே, பெண்பிள்ளைகள் மட்டும் என்றேன். "சமுதாயக்கூடத்துச் சாவி தலைவரு வூட்ல கீது. ஒவ்வொரு தபாவும் அங்க போயி நிக்கணுமா?" என்றார்.

நல்ல கேள்வி. ஒரு சாவியைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டும்.