லாரி நிக்குது தம்பி!

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நடந்தால், முதலில் நம்மை வரவேற்பது வாசனைதான். கட்டிங் ஆயிலும் சூடான இரும்பும் கலந்த வாசனை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் எனக்கு வேலை. லேத்திலிருந்து வரும் புஷ்களை மைக்ரோமீட்டரில் அளந்து, ரிஜிஸ்தரில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பத்துக்கு ஒன்று அளந்தால் போதும் என்பது கணக்கு.

ஒரு மாசக் கடைசி. நானூறு புஷ் காத்திருக்கிறது. வாசலில் லாரி. ஃபோர்மேன் வந்து தோளில் கை வைத்தார். "லாரி நிக்குது தம்பி, கையெழுத்தைப் போட்டு விடுங்க!"

ஐந்தை மட்டும் அளந்தேன். நாற்பது அளவுகளை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். லாரி போய்விட்டது.

என்ன ஆச்சு? ஒன்றுமே ஆகவில்லை. புகார் இல்லை, ஒரு புஷ்கூடத் திரும்பி வரவில்லை. நானும் மறந்துபோனேன். 2008 நவம்பரில் ஒரு செய்தியைப் படிக்கும்வரை!

ரஷ்யாவில் 'நெர்பா' என்றொரு அணுசக்தி நீர்மூழ்கி. கட்ட ஆரம்பித்தது 90-களில். சோவியத் யூனியன் உடைந்து, காசில்லாமல் பாதியில் நின்ற கப்பல். நம் நாடு குத்தகைக்கு எடுக்கச் சம்மதித்துப் பணம் கொடுத்த பிறகுதான் வேலை முடிந்தது. 2008 நவம்பர் 8-ம் தேதி ஜப்பான் கடலில் சோதனை ஓட்டம். எண்பது பேர்கூட இருக்காத கப்பலில் அன்று 208 பேர். பெரும்பாலும் கப்பல் கட்டும் தளத்து ஆட்கள்.

திடீரென்று தீயணைக்கும் கருவி இயங்கிவிட்டது. தீ எதுவும் இல்லை. ஆனால், தீயை அணைக்க வைத்திருந்த வாயு அறைக்குள் பாய்ந்தது. நெருப்பை மூச்சுத்திணற வைப்பது மனுஷனை மட்டும் விட்டுவிடுமா? இருபது பேர் இறந்தார்கள். அதில் 17 பேர் சிவிலியன்கள்.

தவறுதலாகக் கருவியை இயக்கிவிட்டதாக ஒரு மாலுமி மேல் வழக்கு. 2011-ல் ஜூரிகள் அவர் குற்றவாளி இல்லை என்றார்கள். மேலிடம் ஏற்கவில்லை. மறுவிசாரணை. 2013-ல் வேறு ஜூரிகள், அதே தீர்ப்பு. நடுவில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. அந்த வாயுவில் டெட்ராகுளோரோஎத்திலீன் கலந்திருந்ததாம். துணிகளை ட்ரை க்ளீன் பண்ணப் பயன்படுத்துகிற ரசாயனம். நல்ல சரக்கைவிட விலை மலிவு.

அன்றைக்கு என் கையெழுத்து ஞாபகத்துக்கு வந்தது.

கலப்படச் சரக்கு உள்ளே போன அன்றைக்கும் யாரோ ஒருவர் ஒரு ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டிருப்பார்தானே? அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் சரக்கு ஆளைக் கொன்றது. என் சரக்கு கொல்லவில்லை. அவ்வளவுதான். அது என் நல்ல குணமா, என் அதிர்ஷ்டமா?

'விபத்தே நடக்கலையே, அப்புறம் என்ன தப்பு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. சிக்னலைத் தாண்டினால் அபராதம். தாண்டி ஒருத்தரை ஏற்றிவிட்டால் ஜெயில். செத்துப்போனவரின் வீட்டுக்கு அந்த வித்தியாசம் ரொம்பப் பெரிசு. ஆனால், நான் செய்த காரியம் பேனாவை மூடும்போதே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததும் நடக்காததும் என் கையில் இல்லை. என் கையில் இல்லாத ஒன்றை வைத்து, நான் நல்லவன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

'அவசரப்படுத்தியது ஃபோர்மேன்தானே?' ஆமாம். அவரை முதலாளி அவசரப்படுத்தினார். முதலாளியை ஆர்டர் கொடுத்தவர். இப்படியே பங்கு போட்டுக்கொண்டே போனால், கடைசியில் ஆளுக்கு ஒரு பொட்டுப் பொறுப்புகூட மிஞ்சாது. நெர்பாவில் இறந்தவர்கள் மட்டும் முழுசாக இருபது பேர்.

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆன நண்பர் ஒருவர் பட்டாபிராமில் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "டேங்குக்குள்ள மூணு, நாலு பசங்க உட்காருவாங்க சார். அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நான் யாருன்னு அவங்களுக்கும் தெரியாது. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறது என் கையெழுத்து ஒண்ணுதான். அது பொய்யா இருந்தா, அந்தப் பசங்களுக்கு யாருமே இல்லைன்னு அர்த்தம்."

நெர்பாவைப் பழுது பார்த்து நம்மிடம் கொடுத்தார்கள். 2012 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் 'ஐ.என்.எஸ். சக்ரா' என்ற பெயரோடு கடற்படையில் சேர்ந்தது. 1988-லிருந்து மூன்று வருஷம் குத்தகைக்கு வந்திருந்த முதல் சக்ராவின் அதே பெயர். 2021-ல் ரஷ்யாவுக்குத் திரும்பிப் போகும்வரை, நம் பிள்ளைகள் அணுசக்தி நீர்மூழ்கியை ஓட்டப் படித்த பள்ளிக்கூடம் அதுதான். இருபது பேர் மூச்சடைத்துச் செத்த அதே கப்பலுக்குள் இறங்கி, தலைக்கு மேலே மூடியைச் சாத்திக்கொண்டு கடலுக்கடியில் போனார்கள். முகம் தெரியாத யாரோ சரியாக அளந்திருப்பார்கள் என்று நம்பி!

இப்போது நாமே அப்படி இரண்டு நீர்மூழ்கிகள் கட்ட 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அவற்றின் பாகங்கள் எந்தெந்த ஊர்ப் பட்டறைகளில் உருவாகுமோ! அங்கேயும் மாசக் கடைசி வரும். வாசலில் லாரி நிற்கும்.

என் நானூறு புஷ்களும் எங்கே போயின, எந்த மெஷினில் சுற்றின என்று இனிமேல் தேட முடியாது. நேற்று பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஏறினேன். உள்ளே பரிசோதனைச் சான்றிதழ் ஒட்டியிருந்தது. கீழே அவசரமாகக் கிறுக்கிய ஒரு கையெழுத்து.

அளந்து பார்த்துவிட்டுத்தான் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, நான்காவது மாடிக்குப் பட்டனை அழுத்தினேன்.