மஞ்சப்பையில் ஐந்நூறு ரூபாய்

(ராஜபாளையத்தில் மார்கழி மாதம் நிகழ்த்திய சொற்பொழிவிலிருந்து)

போன மார்கழியில் இதே மேடையில் பெரியாழ்வாரின் பொற்கிழியைப் பற்றிப் பேசினேன். முன்வரிசை அம்மா தலையாட்டுகிறார்கள், நினைவிருக்கிறது போல. அன்று உங்களிடம் சொல்லாத ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சு முழுக்க என் மஞ்சப்பையில் பிறத்தியார் காசு ஐந்நூறு ரூபாய் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பக்கத்தில் ஒரு கடையில் அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். கல்லாவில் இருபது வயதுப் பையன். ஒரே கூட்டம். மீதியை மடித்துக் கொடுத்தான், அப்படியே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ராஜபாளையத்தில் இறங்கிப் பிரித்துப் பார்த்தால், மீதியோடு நான் கொடுத்த நோட்டும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

மனசு உடனே வக்கீலாகிவிட்டது. 'இது உன் நோட்டுதானப்பா, ஓரத்தில் குங்குமக் கறைகூட அப்படியே இருக்கே' என்றது. 'ஏழு மணிக்குப் பேச்சு, இப்போது யார் திரும்பிப் போவது' என்றது. கடைசியில் வேதாந்தமே பேசிவிட்டது: 'பெருமாள் கொடுத்ததாக இருக்கும்.' திருடனுக்கு இந்த வசதி கிடையாது. கையை நீட்டியது அவனுக்கே தெரியும். நமக்கோ நீட்டாமலே வந்து விழுகிறது. எடுக்கவில்லை, வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

2021-இல் பீகாரில் ஒருவர் இப்படித்தான் சொன்னார். கணக்கில் தவறாக 5.5 லட்சம் வந்து விழுந்தது. வங்கி திருப்பிக் கேட்டதற்கு, பிரதமர் அனுப்பிய பணம் என்று நினைத்துச் செலவழித்துவிட்டேன் என்றார். கைது செய்தார்கள். சிரிக்கிறீர்கள். நான் பெருமாள் என்றேன், அவர் பிரதமர் என்றார், அவ்வளவுதான் வித்தியாசம். வெள்ளைக்காரன் காலத்து 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவே தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. நாம் அதற்கு மேலே போய்ப் பார்ப்போம்.

வல்லபதேவ பாண்டியன் சபையில் பரிசாகத் தொங்கவிட்ட பொற்கிழி, வாதத்தில் வென்ற பெரியாழ்வார் கைக்குத் தானே தாழ்ந்து வந்தது. முறையாக வென்ற பொன். அதையும் ஊருக்குக் கொண்டுவந்து வடபத்ரசாயி கோயிலுக்கே ஆக்கினார் என்பது குருபரம்பரைக் கதை. இதைத்தான் அன்று நான் தொண்டை கட்டப் பேசினேன், பையில் ஐந்நூறை வைத்துக்கொண்டு!

மாலைக் கதையை இப்போது கொஞ்சம் வேறு மாதிரி பாருங்கள். பெருமாளுக்குக் கட்டிய மாலையை மகள் ஆண்டாள் சூடிப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்ததும் ஆழ்வார் பதறினார். அதில் ஒட்டியிருந்த முடியை உதறிவிட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்று சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. அன்றைக்கு மாலை போகவில்லை. ராத்திரி சொப்பனத்தில் பெருமாள், எனக்கு அந்த மாலைதான் வேண்டும் என்கிறார். தவற்றைத் தள்ளவும் ஏற்கவும் உரிமை பொருளை உடையவருடையது. கையில் வைத்திருக்கிறவர் தாமாகவே 'பரவாயில்லை' என்று தீர்ப்புச் சொல்லிக்கொள்ள முடியாது.

2023-இல் சென்னையில் ஒரு கார் ஓட்டுநர் கணக்கில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியிலிருந்து 9,000 கோடி ரூபாய் வந்து விழுந்தது. நம்ப முடியாமல் நண்பருக்கு 21,000 அனுப்பிப் பார்த்தார். அதற்குள் வங்கி மீதியைத் திருப்பி எடுத்துக்கொண்டது. அந்த 21,000-ஐத் தர வேண்டாமென்று வங்கியே விட்டுவிட்டதாகப் பத்திரிகையில் வந்தது. உடையவர் வாயால் சொன்ன பிறகு அது பிரசாதம் மாதிரி.

சாமியிடமே தவறி விழுந்தால்? பழனியில் கேரளத்து அம்மா ஒருவர் கழுத்துத் துளசி மாலையைக் கழற்றி உண்டியலில் போட்டார், தங்கச் சங்கிலியும் சேர்ந்து விழுந்துவிட்டது. உண்டியலில் விழுந்ததைத் திருப்பித் தர 1975-ஆம் வருஷத்து விதி இடம் கொடுக்கவில்லை. அறங்காவலர் குழுத் தலைவர் என்ன செய்தார்? சொந்தப் பணத்தில் வேறு சங்கிலி வாங்கிக் கொடுத்தார். விதியும் நின்றது, அந்த அம்மா கழுத்தும் வெறுமையாக இல்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை, மில்லுக்குப் போகிற பிள்ளைகளுக்கு. போனில் யாரோ, 'தப்பா ஜிபே பண்ணிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க' என்று அழுதால் உடனே அனுப்பாதீர்கள். அதில் மோசடி நிறைய. முதலில் பணம் வந்ததா என்று பாருங்கள், வந்திருந்தால் வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

என் ஐந்நூறுக்கு வருகிறேன். அந்தப் பேச்சுக்கு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கடைக்குப் போனேன். முதலாளி இருந்தார், பையன் இல்லை. நோட்டை நீட்டி விவரம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் நீள நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பையன் பெயருக்கு நேரே 'பற்று 500' என்று இருந்தது. பேனாவால் அடித்தார்.

"சாமி, ராத்திரியே வந்திருக்கக் கூடாதா? பய சாப்பிடாமப் போயிட்டான்."